ஊதுவத்திக் கிண்ணத்துக்குக் கீழே

"சித்தப்பா, உங்க ஜப்பான் மேடம் வந்தாச்சு," என்று என்னோடு வேலை பார்க்கும் தியெப் கடைக்குள் பார்த்துக் குரல் கொடுத்தபோதே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான் தலைக்கவசத்தை இன்னும் கழற்றவில்லை. திங்கட்கிழமை, காலை எட்டேகால்.

கடை முதலாளி கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரைச் சந்தை முழுவதும் ஆறாம் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். சைகோனில் இப்படித்தான், யாரையும் சித்தப்பா, பெரியப்பா என்று உறவு சொல்லிக் கூப்பிடுவோம், வீட்டில் பிள்ளைகளின் வரிசை எண்ணே பெயர்.

"லுவா, சனிக்கிழமை கின் ஐயா வீட்டுல என்ன பண்ணிட்டு வந்த?"

"ரிசீவர் மாட்டினேன். அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். மைக் வெச்சு அளவெடுத்தேன். ரெண்டு படம் ஓட்டிக் காமிச்சேன். அவரே நல்லாருக்குன்னு சொன்னாரு."

"இப்ப படத்துல ஒருத்தனும் பேசமாட்டேங்கிறானாம். மழை பெய்யுது, துப்பாக்கி வெடிக்குது, கார் ஓடுது, ஆளுங்க வாயை மட்டும் அசைக்கிறாங்களாம். ஊமைப் படம் பார்க்கவா உன்கிட்ட வாங்கினேன்னு கேக்குறாரு. அரை மணி நேரம். என் காது இன்னும் சுடுது."

"அவங்க ஜப்பான்ல எல்லாரும் மெதுவாத்தானே பேசுவாங்க," என்றான் தியெப். "மெஷினும் அப்படித்தான் போல." அவனே சொல்லி அவனே சிரித்தான்.

எங்கள் கடையில் விற்பதெல்லாம் ஜப்பானில் யாரோ பத்து வருடம் பாட்டுக் கேட்டுவிட்டுக் கழித்துவிட்ட ரிசீவர்கள், ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டிகள். கப்பலில் குவியலாக வரும். நூறு வோல்ட்டில் ஓடுபவை என்பதால் ஒவ்வொன்றோடும் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கொடுப்போம். கையேடு இருந்தால் அது ஜப்பானிய மொழியில் இருக்கும். மூன்று வருடம் நான் அவற்றின் தூசியைத் துடைத்து, ரிமோட்டுகளை இனம் பிரித்து, பேட்டரி போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். பிறகு மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினேன். அங்கே தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள், மூன்று வாக்கியம். எனக்கு மூன்றில் அடங்காது. பக்கத்திலேயே எங்கள் வியட்நாமிய மொழியில் முழுதாக எழுதி வைப்பேன். கையேட்டை வாசிக்கக் கடையில் நான் ஒருத்திதான் என்று ஆன பிறகு, இரண்டு மாதமாகச் சித்தப்பா என்னை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். அளவு நாடா, மைக், டார்ச், குறிப்பு நோட்டு கொண்ட ஒரு பை எனக்கென்று இருந்தது. அந்தப் பையைத் தோளில் மாட்டும்போது மட்டும்தான் நான் ஏதோ ஒரு வேலை செய்கிறவள் என்று தோன்றும்.

சித்தப்பா அந்தப் பையைத்தான் பார்த்தார்.

"இன்னிக்குப் போய்ப் பாரு. சரியாகலேன்னா நாளைக்கு வேற ரிசீவர் கொண்டுபோய்க் கொடுத்து, ரெண்டு கையும் கட்டி மன்னிப்புக் கேட்டுட்டு வரணும். அதுக்கப்புறம் வீடுகளுக்கு தியெப் போவான். நீ பழையபடி ரிமோட்டைப் பாரு."

என்னிடம் எதிர்த்துச் சொல்ல வார்த்தை இருந்தது. ஆனால் உண்மையிலேயே நான்தான் ஏதாவது தவறாக அமைத்துவிட்டேனோ என்ற சந்தேகம் அந்த வார்த்தைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். கோபம் ஒரு படி ஏறினால் சந்தேகம் இரண்டு படி ஏறும்.

கின் ஐயா உரக் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மீட்டர் அகலத்தில் பின்பக்கம் நீண்டுகொண்டே போகும் வீடு. முன்னறையில் சுவரை அடைத்து ஒரு பெரிய மர அலமாரி. அதன் உச்சியில் முன்னோர் பீடம். கின் ஐயாவின் அப்பா, அம்மா படங்கள், ஊதுவத்திக் கிண்ணங்கள், பூச்சாடி, பழத்தட்டு. பீடத்துக்கு நேர்கீழே மரச்சல்லடைக் கதவு போட்ட தட்டு. சென்டர் ஸ்பீக்கரை அதற்குள்தான் வைத்திருந்தேன். அதற்கும் கீழே டிவி. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள்.

"செருப்பை அங்கயே விடு. எதையும் தொடாத," என்றார் கின் ஐயா. அவர் சாய்வு நாற்காலியில், ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ தொட்டதாலதான் இந்தக் கதி."

"ஒருமுறை டெஸ்ட் சத்தம் போட்டுப் பார்த்தா..."

"பாப்பா, நான் முப்பது வருஷமா பாட்டுக் கேக்குறவன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே என் வீட்டுல வால்வு செட்டு இருந்துச்சு. உக்காந்து கேளு. உன் வேலையோட லட்சணத்தை நீயே கேளு."

ஒரு போர்ப்படத்தை ஓடவிட்டார். பதுங்குகுழிக்குள் இரண்டு பேர் முகத்துக்கு முகம் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்துக் குண்டுகள் கேட்டன, தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவர்கள் பேசுவது கேட்கவில்லை.

"இது சினிமா மோடு. பேச்சு இருக்கா?"

"இல்ல பெரியப்பா."

"ஸ்டேடியம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி மட்டும் பின்பக்கத்திலிருந்து வந்தது. "நல்லா கேட்டுக்க. ரெண்டு பேர் பதுங்குகுழியில ரகசியம் பேசுறாங்க, அதுக்கு ஸ்டேடியம். சர்ச். ஹால். எல்லாத்துலயும் பேய் முனகுற மாதிரி. டைரக்ட் மோடு. பேய்கூட இல்ல. எதுக்குய்யா இத்தனை மோடு? மனுஷன் பேசுறதைக் கேக்க ஒரு மோடு வெக்கத் துப்பில்ல."

நான் நோட்டைத் திறந்து அவர் அழுத்த அழுத்த எழுதிக்கொண்டேன். அது அவருக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

"என்ன, பரீட்சை எழுதுறியா?"

"ஸ்டீரியோ மோடும் ஒருமுறை வைங்க பெரியப்பா."

வைத்தார். குரல்கள் தெளிவாக வந்தன. எல்லா ஸ்பீக்கரும் ஒரே மாதிரி ஒலிக்கும் மோடை வைக்கச் சொன்னேன். அதிலும் வந்தது, அறை நிறையக் கத்தலாக, ஆனால் வந்தது.

"ரெண்டு ஸ்பீக்கர்ல கேக்கணும்னா நான் பழைய செட்டுலயே கேட்டிருப்பேனே. உங்க முதலாளிகிட்ட சொல்லு. பாதி செத்த மெஷினைத் தலையில கட்டிட்டு, அதை மாட்ட ஒரு சின்னப் பொண்ணையும் அனுப்பிட்டாருன்னு சொல்லு."

அவர் மனைவி லே பெரியம்மா ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சனிக்கிழமை என்னிடம் ஊர், வயது, கல்யாணம் எல்லாம் விசாரித்தவர் இன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது ஒரே ஒரு முறை தலை தூக்கிப் பீடத்தைப் பார்த்தார். சனிக்கிழமை அங்கே நான்கு வாழைப்பழம் இருந்தது. இன்று டிராகன் பழங்களைக் கோபுரமாக அடுக்கி, பின்னால் இருப்பது எதுவும் தெரியாதபடி ஒரு பெரிய தட்டு. அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. அதையும் எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் எழுதுகிறவள்.

அன்று மாலை வகுப்பில் டீச்சர் சொன்னது எதுவும் தலையில் ஏறவில்லை. கையேட்டின் நகலை மேசைக்கடியில் விரித்து, நான் அமைத்ததை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். தவறாகப் புரிந்துகொண்டேனா? அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். இல்லை, சரியாகத்தான் புரிந்திருந்தேன். பிறகு காலையில் எழுதிய பட்டியலை எடுத்து, பேச்சு வருகிற மோடுகளை ஒரு பக்கமும் வராதவற்றை மறுபக்கமும் பிரித்து எழுதினேன்.

ஸ்டீரியோவில் பேச்சு இடம், வலம் இரண்டிலும் கலந்து வரும். எல்லா ஸ்பீக்கர் மோடிலும் அப்படித்தான். மற்ற மோடுகள் எல்லாம் பேச்சை எடுத்து ஒரே ஒரு ஸ்பீக்கருக்குத்தான் அனுப்பும். சென்டருக்கு.

ரிசீவர் சாகவில்லை. நான் தவறாக அமைக்கவும் இல்லை. அது ஒழுங்காகத்தான் பேச்சை அனுப்பிக்கொண்டிருக்கிறது. போய்ச் சேரும் இடத்தில் ஸ்பீக்கர் இணைப்பில் இல்லை. சனிக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அதுவரை சந்தேகத்துக்குக் கீழே அமுங்கிக் கிடந்த கோபம் அப்போதுதான் முழுசாக எழுந்தது. ஒன்றரை மணி நேரம் என்னை உட்கார வைத்து, என் வேலையின் லட்சணத்தைக் கேள் என்று ஒவ்வொரு மோடாக ஓட்டிக் காட்டினாரே. நானும் "இல்ல பெரியப்பா, இல்ல பெரியப்பா" என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே. என் கையெழுத்து அழுத்தம் தாங்காமல் தாள் கிழிந்தது. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். அன்றைய மூன்று வாக்கியத்தை இப்படி எழுதிக் கொடுத்தேன்: இன்று நான் கோபப்பட்டேன். தேநீர் குடித்தேன். தேநீர் நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சித்தப்பாவிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். புரிந்ததா என்று தெரியவில்லை.

"சென்டர் ஒயர் கழண்டிருக்கும் சித்தப்பா. இல்லன்னா யாராவது கழட்டியிருப்பாங்க. வேற ரிசீவர் மாத்தினாலும் இதேதான் ஆகும்."

"அப்ப அவர்தான் தப்புன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறியா? அவர் பேரைச் சொல்லிட்டு எத்தனை பேர் நம்ம கடைக்கு வந்திருக்காங்க, தெரியுமா?"

"ஒயர் நல்லா இறுக்கலேன்னாலும் கழண்டுக்கும் தங்கச்சி," என்றான் தியெப், வாழையிலையில் கட்டிய நொய்யரிசிச் சோற்றை அவிழ்த்துக்கொண்டே. "பொண்ணுங்க விரலுக்கு அவ்வளவு பலம்தான்."

"நான் இறுக்கினதை உன்னால கழட்ட முடியுதான்னு பாரேன்."

"பார்த்தீங்களா சித்தப்பா? நாக்குக்கு மட்டும் எவ்வளவு பலம்."

சித்தப்பா முடிவை மாற்றவில்லை. வேறொரு ரிசீவரைப் பெட்டியில் கட்டி தியெப்பின் வண்டியில் ஏற்றினார். அவன் பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனேன். வழி நெடுக அவன் விசிலடித்துக்கொண்டே வந்தான். அந்த விசிலுக்காகவே அவனைக் கால்வாயில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

கின் ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். தியெப் குனிந்து வணங்கி, பெட்டியை இறக்கி, என் முதுகில் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினான்.

"சொல்லு," என்று காதோரம் முணுமுணுத்தான். "சொல்லிட்டா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்."

"என்ன சொல்லணுமோ அதைக் கேக்கத்தான் நிக்கிறேன்," என்றார் கின் ஐயா.

"சென்டர் ஸ்பீக்கரைப் பார்த்துட்டுச் சொல்றேன் பெரியப்பா."

"என்னது?"

"தப்பு என்னோடதுன்னா சொல்றேன். முதல்ல பார்க்கணும்."

அவர் பதில் சொல்வதற்குள் நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், அலமாரியின் சல்லடைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். ஸ்பீக்கர் இருந்தது. பின்னால் கைவிட்டுத் துழாவினேன். ஒயர் மாட்டும் காதுகளில் ஒயர் இல்லை. கழன்று விழுந்தும் கிடக்கவில்லை. இரண்டு முனைகளையும் சேர்த்து மடித்து, சிவப்பு நூலால் சுற்றி, ஒரு கைக்குட்டைத் துண்டில் பொதிந்து ஓரமாக வைத்திருந்தது. எலி செய்கிற வேலை இல்லை. என் விரல் பலமும் இதற்குக் காரணம் இல்லை.

அதை அப்படியே வெளியே இழுத்துக் காட்டினேன்.

"இதை யார் கழட்டினது பெரியப்பா? நேத்து ஒன்றரை மணி நேரம் என்னைத் திட்டினீங்களே, ஒரு தடவை இந்தக் கதவைத் திறந்து பார்த்தீங்களா? என்னையாவது பார்க்க விட்டீங்களா?"

"லுவா," என்றான் தியெப்.

"நீ சும்மா இரு."

கின் ஐயாவின் முகம் சிவந்தது. அவர் என்னைத் தாண்டி, சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். அந்த நூலை நானும் அப்போதுதான் அடையாளம் கண்டேன். பெரியம்மாவின் மணிக்கட்டில் அதே சிவப்பு நூல்.

"நான்தான்," என்றார் லே பெரியம்மா.

"உனக்கென்ன பைத்தியமா? எதுக்கு?"

"எதுக்கா? சனிக்கிழமை குண்டு வெடிக்குது வெடிக்குதுன்னு சத்தத்தை ஏத்தி ஏத்தி வெச்சீங்களே, மேல என்ன ஆச்சுன்னு நிமிந்து பார்த்தீங்களா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாசம் ரெண்டு நாள் ஊதுவத்தி ஏத்துற மகன் நீங்க. தினமும் ஏத்துற மருமக நான். வாங்க. வந்து பாருங்க."

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டிராகன் பழத் தட்டை எடுத்தார்.

கிண்ணம் திரும்பியிருந்தது. கின் ஐயாவின் அம்மாவுடைய கிண்ணம். முன்பக்கம் வாசலைப் பார்க்க வேண்டிய நீல நாகத்தின் தலை, பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிண்ணம் பலகையில் ஒரு விரல் அகலம் நகர்ந்து, இருந்த இடத்தின் வட்டத் தழும்பு பாதி தெரிந்தது. சுற்றிலும் சாம்பல் சிந்திக் கிடந்தது.

தியெப்கூட வாய்க்குள் எதையோ முனகிக் கைகளைக் கூப்பிக்கொண்டான். வருடத்தின் கடைசியான பன்னிரண்டாம் சந்திர மாதத்தில், அனுமதி கேட்டு, மகன் கையால் மட்டும் தொட வேண்டிய பொருள் அது. இப்போது நடப்பது நான்காம் மாதம். அதை நேராக வைக்கவும் பயம், அப்படியே விடவும் பயம். பெரியம்மா மூன்று நாளாகப் பழத்தை அடுக்கி மறைத்துவிட்டு அதன் கீழேயே நடமாடியிருக்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" கின் ஐயாவின் குரல் உடைந்திருந்தது.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? உனக்கு ஒலியைப் பத்தி என்ன தெரியும்னு சொல்லியிருப்பீங்க. நான் கேக்காம இல்ல. வெக்கும்போதே இந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், மேல அதிருமான்னு. அதிராதுன்னு சொல்லிச்சு."

கின் ஐயா என் பக்கம் திரும்பினார். "சொன்னியா?"

"இல்லன்னு சொல்லு," என்று தியெப் உதடு அசையாமல் சொன்னான்.

எனக்கு நினைவு இல்லை. அதுதான் உண்மை. ஆனால் நோட்டு கையில் இருந்தது. சனிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து, அழகாக, நேரம் போட்டு: 'காலை 10.40. லே பெ. கேட்டது: மேலே அதிருமா? பதில்: பேச்சு மட்டும்தான் வரும், அதிராது.' அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து அடுத்த அளவுக்குப் போயிருக்கிறேன்.

அதே பக்கத்தில் இன்னும் நான்கு வரி தள்ளி, மைக் வைத்து அளந்தபின் ரிசீவர் தானாகவே எழுதிக்கொண்ட முடிவுகள் இருந்தன. சென்டர்: பெரியது. பெரியது என்று குறித்துக்கொண்டால் அது பேச்சோடு நிறுத்தாது. குண்டு வெடிப்பின் அடித்தொண்டைச் சத்தம் முழுவதையும் அந்த ஸ்பீக்கருக்கே அனுப்பும். கையேட்டில் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருக்கிறது, இதைக் கையால் ஒருமுறை சரிபார்க்கவும் என்று. நான் வாசித்திருக்கிறேன். மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் மீது எனக்குள்ள சந்தேகத்தில் கால்வாசியை அதன் மீது வைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

"சொன்னேன்," என்றேன். "எழுதி வெச்சிருக்கேன்."

கின் ஐயா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் தீரவில்லை. அதன் பக்கத்திலேயே என் மேல் ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். நேற்று என் பேச்சைக் கேட்காமல் அவர் எப்படி உட்கார்ந்திருந்தாரோ, சனிக்கிழமை அந்த அம்மாவின் கேள்விக்கு நானும் அப்படித்தான் பதில் சொல்லியிருந்தேன். பீடத்துக்குக் கீழே எதையாவது வைப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வீட்டிலும் கிண்ணம் இருக்கிறது. அளவு நாடா கைக்கு வந்ததும் மறந்துபோனேன்.

நான் முக்காலிக்குப் பக்கத்தில் போய், பெரியம்மாவுக்கு முன்னால் இரண்டு கையும் கட்டி நின்றேன்.

"பெரியம்மா, நான் யோசிக்காம சொன்னேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க." பிறகு கின் ஐயாவைப் பார்த்தேன். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கமாட்டேன் பெரியப்பா. ரிசீவர் நல்லாத்தான் இருக்கு. வேற வேண்டாம்."

தியெப் பெருமூச்சு விட்டது தெருவரை கேட்டிருக்கும்.

கின் ஐயா எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். மூன்று ஊதுவத்தி ஏற்றி, பீடத்தின் முன் வெகுநேரம் உதடசைத்தார். கிண்ணத்தைத் தொடவில்லை. பௌர்ணமி அன்று மடத்துத் துறவியை அழைத்துக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"எது அதிராதோ அதை வெச்சுட்டுப் போ."

"எது அதிராதுன்னு எனக்குத் தெரியாது," என்றேன். "பெரியம்மாதான் சொல்லணும்."

சென்டரை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். ரிசீவரில் சென்டர் இல்லை என்று மாற்றி எழுதினேன். இனி பேச்சு இடமும் வலமும் பிரிந்து வரும். அடித்தொண்டைச் சத்தத்தை எழுப்பும் சப்வூஃபரைத் தற்போதைக்கு விட்டுவைத்தேன். பெரியம்மா முக்காலியில் நின்றபடி, பீடத்துப் பலகையின் ஓரத்தில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதே போர்ப்படத்தை, அதே பதுங்குகுழியை ஓடவிட்டு, குண்டு விழும் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

"சினிமா," என்றேன்.

"அதிருது."

"ஸ்டேடியம்."

"அதிருது."

"சர்ச்."

"கொஞ்சம். ஆனா அதிருது."

"ஹால்."

"இது உள்ளங்கையில இல்ல, முழங்கையில தெரியுது. வேண்டாம்."

"எல்லா ஸ்பீக்கர்."

"வேண்டவே வேண்டாம்."

முப்பது வருடம் பாட்டுக் கேட்ட மனிதர் நாற்காலியில் அமர்ந்து மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்வூஃபரை நிறுத்திவிட்டு ஸ்டீரியோவுக்கு வந்தேன். பதுங்குகுழியில் ஒருவன் மற்றவனிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். தூரத்தில் குண்டு விழுந்தது.

பெரியம்மா உள்ளங்கையை இன்னும் அழுத்திப் பதித்தார். "இல்ல," என்றார். "இது இல்ல."

சத்தத்தை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றினேன். முப்பத்திரண்டில் அவர் விரல்கள் அசைந்தன. முப்பதில் நிறுத்தி, அதற்கு மேல் ஏறாதபடி பூட்டிவிட்டேன். கின் ஐயா எதிர்க்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது பெரியம்மா ஒரு டிராகன் பழத்தைக் கொண்டுவந்து என் பையில் திணித்தார். "அடுத்த தடவை யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லு," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் என்னை மன்னித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கடையில் நான் வாய் திறப்பதற்கு முன் தியெப் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான், அவன் வழியில். நான் வாடிக்கையாளரிடம் குரல் உயர்த்தியது, மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றது, முப்பதுக்கு மேல் பூட்டியது. ஒயரைப் பற்றிக் கடைசியில், போகிற போக்கில்.

"பையை இங்க வெச்சுட்டு ரிமோட்டைத் துடை," என்றார் சித்தப்பா.

நான் பையைக் கழற்றவில்லை. நோட்டை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"ரெண்டு மாசத்துல நான் பதினாலு வீட்டுல மாட்டியிருக்கேன். ஒன்பது வீட்டுல ஸ்பீக்கருக்கு மேல பீடம். ஒன்பதுலயும் சென்டரைப் பெரியதுன்னுதான் விட்டுட்டு வந்திருக்கேன். அது என் தப்பு, நானே போய்ச் சரி பண்ணணும். தியெப் அண்ணன் மாட்டின வீட்டுக்குக் கணக்கே இல்ல. அவர் எழுதி வெக்கிறதில்ல."

"எழுதி வெச்சு என்ன, கோயில்ல மாட்டப் போறேனா," என்றான் தியெப். "மெஷின் அளக்குது, மெஷின் எழுதுது. நாலு வருஷமா ஒருத்தன் வந்து கேட்டதில்ல."

"அவங்க உன்கிட்ட ஏன் கேக்கணும்? கழட்டிட்டு, நூல் சுத்தி, துணியில பொதிஞ்சு வெச்சிருப்பாங்க. நீ போய்த் திறந்து பார்த்தியா?" நான் முதலாளி பக்கம் திரும்பினேன். "சித்தப்பா, உங்க வீட்டுல மாட்டினதும் தியெப் அண்ணன்தானே. போன வருஷம். அலமாரிக்குள்ள. உங்க அம்மாவோட கிண்ணத்துக்குக் கீழ."

சித்தப்பா தியெப்பைப் பார்த்தார். தியெப் மேசைமேல் கிடந்த ஒரு ரிமோட்டை எடுத்து அதன் பேட்டரி மூடியைத் திறந்தான், மூடினான்.

"பெரியதுன்னா விட்ட?"

"எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் விடுவேன் சித்தப்பா."

சித்தப்பா ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார். தலைக்கவசத்தைத் தேடினார், அது தலையில்தான் இருக்கும் என்பது போலத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, மேசைக்கடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"நீ கடையைப் பாரு," என்றார் தியெப்பிடம். என்னிடம், "வா" என்று மட்டும் சொன்னார்.

வெயில் தார்ச்சாலையில் பளபளத்தது. முதல் சிக்னலைத் தாண்டினோம். இரண்டாவதில் சிவப்பு விழுந்தபோது, திரும்பாமலே கேட்டார்.

"அங்கயும் அதிர்ந்திருக்குமா?"

"தெரியாது சித்தப்பா," என்றேன். "உங்க வீட்டுல தினமும் யார் ஊதுவத்தி ஏத்துறாங்களோ, அவங்களைக் கேக்கணும்."